இவுகதான் அவுக

‘மேற்படி ஆவணங்களில் காணப்படும் க. சுப்பையா என்பவரும் சுப்பிரமணியன் என்பவரும் வெவ்வேறு நபர்கள் அல்லர். இருவரும் ஒருவரே என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.’ முத்திரைத்தாளில் நோட்டரி வக்கீல் அடித்துக் கொடுத்த இந்த வாசகத்தை முதல் தடவை வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அத்வைத உபதேசத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல இருந்தது. அடுத்த தடவை வாசித்தபோது சிரிப்பு வரவில்லை. உறுதி கூறுபவர் என்ற இடத்தில் பெரியம்மாவின் கைரேகை இருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரு மனிதரோடு குடித்தனம் நடத்தியவர், அந்த மனிதர் இரண்டு ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதையும் வங்கியில் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இது மட்டும் பத்தாது சார்’ என்று திருப்பிக் கொடுத்தார்கள். (பெரியப்பாவின் பெயரை இங்கே மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் பெயர் எப்படியெல்லாம் சிக்கிக்கொண்டதோ அதை மாற்றவில்லை.)

பெரியப்பா போனது சிவகங்கைப் பக்கத்துச் சொந்த ஊரில், சொந்தக் கட்டிலில், விடியற்காலைத் தூக்கத்தில். கொடுத்துவைத்த சாவு என்று ஊரே சொன்னது. சுடுகாட்டில் யாரும் ஆதார் நகல் கேட்கவில்லை. நகரத்து மின்மயானம் என்றால் இறந்தவர் ஆதார், கொண்டுபோனவர் ஆதார், டாக்டர் கடிதம் எல்லாம் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். இங்கே பறைச்சத்தம் கேட்ட உடனே எந்த வீடு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மச்சினன்மார் கோடி எடுத்து வந்தார்கள், மூத்தவன் கொள்ளி வைத்தான். அவ்வளவு பேருக்கு நடுவில் ‘இறந்தவர் இன்னார்தானா’ என்ற கேள்விக்கே இடமில்லை.

சாவைப் பதிவதும் சுலபமாகவே முடிந்தது. ஊராட்சி என்றால் வி.ஏ.ஓ.தான் பிறப்பு இறப்புப் பதிவாளர். பெரியம்மா இன்னும் அவரைக் கணக்குப்பிள்ளை என்றுதான் சொல்வார். பரம்பரைக் கர்ணம் பதவியை அரசு 1980இல் ஒழித்தது அவர் வாய்க்கு இன்னும் எட்டவில்லை. 21 நாளுக்குள் சொன்னால் கட்டணம் கிடையாது. அந்தக் கெடு எனக்கு எப்போதும் ஒரு விஷயத்தை நினைவூட்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, வந்த சனம் கிளம்பியபிறகுதான் நம் ஊரில் யாருக்கும் காகிதம் ஞாபகத்துக்கு வரும். மிச்சம் ஐந்தே நாள். தவறவிட்டால் 30 நாள்வரை தாமதக் கட்டணம், அதற்குமேல் மேலதிகாரி அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவு என்று ஏறிக்கொண்டே போகும். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்னால் அந்தக் கடைசிப் படி முதல் வகுப்பு நடுவரிடம் இருந்தது. நாங்கள் காரியத்துக்கு முந்தியே சொல்லிவிட்டோம். சான்றிதழும் வந்துவிட்டது. அதில் சாவுக்கான காரணம் இருக்காது. பதிவேட்டில் இருந்தாலும் வெளியே கொடுக்கிற நகலில் அதைக் காட்டக்கூடாது என்பது சட்டம். எனக்குப் பிடித்த சட்டப் பிரிவுகளில் இது ஒன்று. எப்படிச் செத்தார் என்பதை வங்கிக்காரருக்கும் தாலுகா ஆபீசுக்கும் சொல்லவேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தட்டியது. இறந்தவரின் தாயார் பெயர் என்ன? அண்ணன்மார் இருவரும் முழித்தார்கள். அப்பத்தா என்றால் அப்பத்தாதான், அதற்கு ஒரு பேர் உண்டா? என் அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். கடைசியில் உள்ளே இருந்து பெரியம்மா, மாமியார் பேரை வாய்க்குள்ளேயே முனகினார். வி.ஏ.ஓ.வுக்குக் கேட்கவில்லை. தலையாரி குனிந்து கேட்டு அவரிடம் சொன்னார்.

ட்ரங்குப் பெட்டி

பெரியப்பா காகிதத்தைத் தொலைக்கிற ஆள் இல்லை. கட்டிலுக்கடியில் இருந்த ட்ரங்குப் பெட்டியில் எல்லாம் துணிப்பையில் கட்டி அடுக்கியிருந்தது. மூத்த அண்ணன் ஒவ்வொன்றாக எடுக்க, நான் பாயில் வரிசையாகப் பரப்பினேன். நிலம் வாங்கிய கிரயப் பத்திரம், 1968. அதில் ‘கருப்பையா சேர்வை குமாரர் சுப்பையா சேர்வை’. பட்டாவில் ‘கருப்பையா மகன் சுப்பையா’. வாக்காளர் அட்டையில் ‘சுப்பைய்யா’, தகப்பனார் பெயர் ‘கருப்பன்’. குடும்ப அட்டையில் இனிஷியல் இல்லாத வெறும் சுப்பையா. ஆதாரில் ஆங்கிலத்தில் ‘கே’ இனிஷியலோடு ஒரு பெயர், அதை இயந்திரம் தமிழில் பெயர்த்து வைத்த ‘சுப்பயா’ இன்னொரு பெயர். அடியில் ஒரு பழுப்புக் காகிதம், எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ். அதில் இருப்பவர் சுப்பிரமணியன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வைத்த பெயராம். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் பெரியப்பா வாலிபத்தில் வங்கிக் கணக்கு தொடங்கியிருக்கிறார். அதனால் பாஸ்புக்கிலும் நிரந்தர வைப்பு ரசீதிலும் சுப்பிரமணியன். ஊரில் ஒருத்தருக்கும் தெரியாத அந்தச் சுப்பிரமணியன்தான் குடும்பத்தின் சேமிப்பு மொத்தத்துக்கும் சொந்தக்காரர்.

பாயில் கிடந்தவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதில் எதையும் பிழை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு ஆபீசும் அந்தந்தக் காலத்து வழக்கப்படி ஒரு மனிதனை எழுதிவைத்திருக்கிறது. பத்திர எழுத்தருக்குச் சாதி இல்லாமல் ஆள் இல்லை. சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுங்கள் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சொல்லி நாற்பது வருடம் ஆகியும் பத்திரத்தில் சேர்வை இருந்தது. ஆனால் பெரியப்பா தன் வாயால் அதைச் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. வாக்காளர் அட்டைக்குப் பெயர் எழுத வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு போயிருப்பார். ஆதார்க் காரருக்கு இனிஷியலை எந்தக் கட்டத்தில் போடுவது என்ற குழப்பம். நம்முடைய பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தாகத் தகப்பனார் நிற்கிறார். வடக்கே உருவாக்கிய படிவங்களில் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். நாம் ஒரு படிவத்தில் தகப்பனார் பெயரை நீட்டி எழுதுகிறோம், இன்னொன்றில் சுருக்குகிறோம், மூன்றாவதில் பின்னால் தள்ளுகிறோம். உயிரோடு இருக்கும்வரை இதெல்லாம் ஒன்றும் செய்யாது. ஆள் நேரில் போய் நிற்பார், ‘நான்தான் சார்’ என்பார், சிரிப்பார்கள், கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பெரியப்பா அந்த வங்கிக்குப் போய் வந்தது எத்தனை வருடம்! ஒரு நாளும் ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்த மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு பத்தி உண்டு. நம் வயதுக்காரர்களுக்கும் தெரியும், வாத்தியார் சட்டைக் கையைத் தூக்கச் சொல்லி மச்சம் தேடுவார். பெரியப்பாவுக்கு, இடது முழங்கையில் தழும்பு, வலது தோளில் மச்சம். அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை காகிதத்திலும் அவருடைய உடம்பைப் பார்த்து எழுதியது இது ஒன்றுதான். கிணற்றுப்படியில் விழுந்த தழும்பு என்று எங்களுக்கெல்லாம் கதை சொல்லியிருக்கிறார். சுப்பையாவுக்கும் சுப்பிரமணியனுக்கும் பொதுவாக இருந்த ஒரே சாட்சி அந்தத் தழும்புதான். அதைத்தான் எரித்துவிட்டோமே.

கவுன்ட்டரில்

வைப்பு ரசீதில் நாமினி இருந்தார்: அப்பத்தா. வைப்பைப் புதுப்பித்துக்கொண்டே வந்தவர், போய்ச்சேர்ந்த அப்பத்தாவை மாற்றவே இல்லை. நாமினி இருந்தால் வங்கி அவரிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும். நாமினி என்றால் சொந்தக்காரர் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்கவேண்டிய ஆள், அவ்வளவுதான். காப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1983இலேயே இதைச் சொல்லிவிட்டது. நாமினியும் இல்லை என்று ஆனபிறகு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாரிடம் போகும். அதுவும் கிடைத்தது. ஆனால் அது சுப்பையாவின் வாரிசுகளுக்கான சான்றிதழ். பணமோ சுப்பிரமணியனுடையது.

பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு நானும் சின்ன அண்ணனும் பக்கத்து ஊர் வங்கிக் கிளைக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் கெட்டவர் இல்லை. இளவயது, வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், பெரியம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். காகிதங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘இறப்புச் சான்றிதழ் சுப்பையா பேர்ல இருக்கு. எங்க கஸ்டமர் சுப்பிரமணியன். சுப்பிரமணியன் இறந்ததுக்கு என்ன ப்ரூஃப் இருக்கு?’ என்றார். கேள்வி நியாயமானதுதான். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். நாளைக்கு நிஜமாகவே ஒரு சுப்பிரமணியன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றால் பதில் சொல்லவேண்டியது அவர்தான்.

‘ஆதார்ல பேரைத் திருத்திட்டு வாங்களேன்’ என்றார் பக்கத்துக் கவுன்ட்டர். ஆதாரைத் திருத்த வேண்டுமென்றால் ஆள் வரவேண்டும், கைரேகையோ கருவிழியோ வேண்டும். இணையம் வழியாகச் செய்யலாம் என்றால் ஓ.டி.பி. வரவேண்டும். (ஒரு இடைச்செருகல்: இறந்தவருடைய சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள். கொஞ்ச காலம் ரீசார்ஜ் பண்ணி வையுங்கள். எதற்கு எங்கிருந்து ஓ.டி.பி. வரும் என்று சொல்ல முடியாது.) அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடலாம் என்றால் விண்ணப்பதாரர் கையெழுத்துப் போடவேண்டும். இறப்புச் சான்றிதழிலேயே ‘சுப்பையா (எ) சுப்பிரமணியன்’ என்று சேர்க்கலாமா என்றால், பதிவேட்டில் ஏறியதை அழிக்க முடியாது, பழைய எழுத்தை அப்படியே விட்டு ஓரத்தில் திருத்தம் எழுதலாம், அதற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள் என்கிறது சட்டம். ஆதாரம் என்றால் எது? இரண்டு பெயரும் ஒருத்தருடையது என்று காட்டுகிற ஏதாவது ஒன்று. அது இருந்தால் நாங்கள் ஏன் இங்கே நிற்கிறோம்? பெயரைச் சீர்செய்ய நம்மிடம் இருக்கிற வழிகள் அத்தனையும், பெயருக்கு உரியவர் எழுந்து வருவார் என்ற நம்பிக்கையில் போட்டவை.

இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் முதல் கவுன்ட்டர்த் தம்பி நேராகவே கேட்டார். ‘அம்மா, நீங்களே சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் பேரு சுப்பையாவா, சுப்பிரமணியனா?’

பெரியம்மா என்னைப் பார்த்தார். எனக்கு உடனே புரியவில்லை. பிறகுதான் உறைத்தது: பெரியம்மா அந்தப் பெயரை இதுவரை சொன்னதே இல்லை. அவர் தலைமுறைப் பெண்கள் பலரும் அப்படித்தான். குடும்ப அட்டைக்கு, ஓட்டுக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு என்று எங்கே கேட்டாலும் பக்கத்தில் ஒரு பிள்ளையோ பேரனோ நின்று சொல்லிவிடுவான். வீட்டில் ‘அவுக’. கோபமென்றால் ‘உங்கப்பன்’. அவ்வளவுதான். அந்த மனிதருக்கு என்ன பெயர் என்று ஊரிலேயே தெரிந்துகொள்ளத் தேவையில்லாத ஒரே ஆளிடம் கேட்கிறார்கள். அண்ணன் வாயைத் திறக்கப் போனார், கவுன்ட்டர்த் தம்பி கையைக் காட்டி, ‘அவங்களே சொல்லட்டும் சார்’ என்றார்.

பெரியம்மா எழுந்து கவுன்ட்டர் பக்கம் வந்தார். அங்கே பாஸ்புக்கும் ஆதார் அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பாஸ்புக்கில் மீசை கறுத்த முப்பது வயதுக்காரரின் படம் ஒட்டியிருந்தது. ஆதாரில் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு கிழவர். என்னாலேயே இரண்டும் ஒன்று என்று அடித்துச் சொல்லியிருக்க முடியாது. பெரியம்மா ஒன்றின்மேல் விரலை வைத்தார், அப்புறம் மற்றதன்மேல் வைத்தார். ‘இவுகதான் அவுக’ என்றார். ‘இதுக்கு மேல என்னத்தத் தம்பி சொல்ல?’

அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. நிஜமாகவே சங்கடப்பட்டார். ‘நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. ஆனா நீங்க க்ளெய்மன்ட். உங்க வார்த்தையை நான் எடுத்துக்க முடியாது’ என்றார்.

டீக்கடைக்காரர் கையெழுத்து

என்னை உறுத்திக்கொண்டே இருப்பது இந்தக் கடைசி வாக்கியம்தான். அந்த வாக்கியத்தில் தர்க்கம் இருக்கிறது. பணம் கிடைக்கப்போகிற ஆள் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது. உத்தரப் பிரதேசத்து லால் பிகாரி கதை தெரிந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். அசம்கர் மாவட்டத்துக்காரர். கடன் கேட்டுப் போன இடத்தில்தான், நிலத்துக்காகச் சொந்தக்காரர்களே வருவாய்ப் பதிவேட்டில் தன்னைச் சாகடித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டார். 1975லிருந்து 1994 வரை, உயிரோடு இருப்பதை நிரூபிக்க நடையாய் நடந்தார். பெயருக்குப் பின்னால் ‘மிருதக்’, அதாவது இறந்தவன், என்று தானே சேர்த்துக்கொண்டு, தன்னைப்போன்றவர்களைத் திரட்டி இறந்தவர்கள் சங்கம் வைத்தார். உறவுக்காரன் வார்த்தையை எழுதிக்கொண்டால் இப்படியும் நடக்கும். ஆக, வங்கித் தம்பி தப்பில்லை. ஆனால் ஐம்பது வருட வாழ்க்கையால் ஒருவரை அறிந்தவளின் சொல், அந்த வாழ்க்கையாலேயே செல்லாது என்றாகிவிடுகிறதே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ரொம்பத் தெரிந்தவர் சாட்சி சொல்லத் தகுதியில்லாதவர். அப்படியென்றால் யார் தகுதியானவர்? கொஞ்சம் தெரிந்தவர்.

அதுதான் நடந்தது. இரு பெயரும் ஒருவருடையதே என்று வருவாய்த் துறையிடமிருந்து ஒரு சான்று வாங்கி வாருங்கள் என்றார் மேலாளர். திரும்பவும் வி.ஏ.ஓ. அவர் ஸ்தல விசாரணைக்கு வந்தார். விசாரணை என்றதும் நான் பதிவேடு, கோப்பு என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பைக்கை நிறுத்தியது முக்கு டீக்கடையில். பெஞ்சில் உட்கார்ந்தார், டீ சொன்னார். ‘சுப்பையாவுக்கு இன்னொரு பேர் உண்டாய்யா?’ என்று பொதுவாகக் கேட்டார். டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, ‘இருக்கும் சார். அண்ணன்கூடப் படிச்ச வாத்தியார் ஒருத்தரு வந்தா சுப்பிரமணின்னுதான் கூப்புடுவாரு’ என்றார். மேலத்தெரு ஓய்வுபெற்ற தபால்காரர், ‘சுப்பிரமணியன் பேருக்கு பேங்க் லெட்டர் வந்தா நான் சுப்பையா வீட்லதான் குடுப்பேன்’ என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரிடமும் வாக்குமூலம் எழுதி வாங்கி, ஆதார் நகல் சேர்த்து, தலையாரியிடம் கொடுத்தனுப்பினார். அது தாசில்தார் கையெழுத்தோடு சான்றாகி வந்தது. வங்கியும் ஏற்றுக்கொண்டது.

பெரியம்மா சொன்ன அதே இரண்டு வார்த்தை, டீக்கடை பெஞ்சிலிருந்து கிளம்பி மூன்று மேசை ஏறி இறங்கி வந்தபிறகு அரசாங்கத்தின் வார்த்தை ஆகிவிட்டது. பன்னிரண்டு இலக்க எண், கைரேகை, கருவிழி என்று எவ்வளவு கட்டியெழுப்பினாலும், கடைசியில் ‘ஆமா சார், எனக்குத் தெரியும்’ என்று சொல்ல ஒரு தெரு வேண்டியிருக்கிறது. 2025இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட புதிய நெறிமுறையும் இதை ஒத்துக்கொள்கிறது. வர்த்தக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைக்கு, நாமினி இல்லாவிட்டாலும் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று கேட்டு அலையவிடக்கூடாது. காகிதம் முழுசாக வந்த 15 நாளில் தீர்க்கவேண்டும். வாரிசுச் சான்றிதழுக்குப் பதிலாக, குடும்பத்தை நன்கு அறிந்த, ஆனால் குடும்பத்தோடு தொடர்பில்லாத ஒருவரின் உறுதிமொழியையும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. டில்லியும் மும்பையும் சுற்றிவளைத்து எங்கள் ஊர் டீக்கடைக்காரரிடம்தான் வந்து நிற்கின்றன.

இதில் சந்தோஷப்படலாம். ஊர் வாய் இன்னும் செல்லுபடியாகிறது என்று மார்தட்டலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் நான் இருப்பது சென்னையில், ஒரு அடுக்ககத்தில். எதிர்வீட்டுக்காரர் பெயர் கதவில் இருக்கிற பலகையால் தெரியும். என் முகம் வாட்ச்மேனுக்குத் தெரியும், ஆனால் பெயர் தெரியாது. நான் படிவம் எதிலோ எப்படியோ எழுதிய பெயரை, ‘ஆமா, இவரும் அவரும் ஒண்ணுதான்’ என்று சொல்ல எந்தத் தபால்காரரைக் கூப்பிடுவது? கொரியர்ப் பையன்கள் எண்ணைப் பார்த்துத்தான் வருகிறார்கள். திருப்பூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கிற பையன் செத்தால் நிலைமை இன்னும் மோசம். உடன் தங்கியிருப்பவனின் கைபேசியில் இருக்கிற ஆதார்ப் படம்தான் அவனுடைய ஒட்டுமொத்த அடையாளம். உடலை ஊருக்கு விமானத்தில் அனுப்பப் போலீஸ் தடையில்லாச் சான்று, எம்பாமிங் சான்று, பெட்டிக்கு சீல் என்று கேட்கும்போது, பாஷை தெரியாத ஊரில் அவனுக்காக யார் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது? காகிதம் ஒழுங்காக இருக்கவேண்டிய அவசியம் அவனுக்குத்தான் அதிகம். காகிதம் சரியாக இல்லாததும் பெரும்பாலும் அவனுக்குத்தான்.

2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத கன்னியாகுமரி மீனவர்களின் குடும்பங்களுக்கு நேர்ந்தது வேறொரு விதம். உடல் இல்லை. உடல் இல்லாவிட்டால், ஏழு வருடம் சேதி இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம். அப்போது அதற்காகக் காத்திருக்கச் சொல்லாமல், காணாமல் போனவர்களுக்கும் நிவாரணம் கிடைக்க அரசு தனி வழி வகுத்தது. மனசிருந்தால் விதியைத் தளர்த்தலாம் என்பதற்கு இதை ஞாபகம் வைத்திருக்கிறேன். பெயர் விஷயத்திலும் அப்படி ஒன்று செய்தால் என்ன? இறப்பைப் பதியும்போதே, ‘இவருக்கு வேறு பெயர் உண்டா, எந்த ஆவணத்தில்?’ என்று ஒரு கட்டம் வைத்து, எப்படியும் பின்னால் செய்யப்போகிற அந்த விசாரணையை அப்போதே முடித்து, எல்லாப் பெயரையும் சான்றிதழிலேயே ஏற்றிவிடலாம். ஊர் கூடியிருக்கிற நேரம், சாட்சிக்குப் பஞ்சமில்லை. இப்போது நடப்பதோ தலைகீழ். ‘ஆதாரில் உள்ளபடிதான் போடுவோம்’ என்கிறார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு: 2017 அக்டோபர் முதல் இறப்புப் பதிவுக்கு ஆதார் வேண்டும் என்று அறிவித்தார்கள், பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டபோது, கட்டாயமில்லை என்று தலைமைப் பதிவாளர் அலுவலகமே பதில் சொன்னது. கட்டாயமில்லாத அந்த அட்டையில் இருக்கிற எழுத்துப்பிழையைக் கட்டாயமாகச் சான்றிதழில் ஏற்றுகிறார்கள்.

பெரியப்பா காரியமெல்லாம் முடிந்து பணம் பெரியம்மா கணக்குக்கு வந்தபிறகு, நான் முதலில் செய்த வேலை அம்மாவை ஆதார் சேவை மையத்துக்குக் கூட்டிப்போனது. அம்மாவுக்கும் குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். ‘லட்சுமி’க்கு முன்னால் ஒரு ‘மகா’ இருந்து இல்லாமல் போகும். ஆப்பரேட்டர் முன்கூட்டியே எச்சரித்தார்: பேர் திருத்தம் ஆயுசுக்கு இரண்டு தடவைதான், யோசித்துச் சொல்லுங்கள். அம்மா யோசித்தார்.

‘அப்ப இப்ப ஒண்ணைப் பண்ணு. இன்னொண்ணு கையிருப்புல இருக்கட்டும்.’

‘இன்னொண்ணு எதுக்கும்மா?’

‘சித்திரகுப்தன் நோட்டுல எப்புடி எழுதியிருக்கோ, யாரு கண்டா?’

ஆப்பரேட்டர் சிரிக்கவில்லை. 75 ரூபாய் சில்லறையாக இருக்கிறதா என்று கேட்டார்.